பனிச்சரிவு அபாயமுள்ள மலையில் பயணம்: சாய்வை அளந்த பிறகே காலை வையுங்கள்

உயிரைப் பறிக்கும் பனிச்சரிவுகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தைத் தூண்டிவிடுவது, அதில் சிக்கியவரோ அவருடன் சென்ற ஒருவரோதான். ஆகவே எந்தச் சாய்வில் கால் வைப்பது என்ற முடிவே முதல் பாதுகாப்பு. முதுகில் சுமக்கும் கருவிகள் அதற்கு அடுத்தவைதான்.

பலகைபோல் உடைந்து விழும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள சாய்வுகளில் நிகழ்கின்றன. கண்ணளவை நம்பாமல் சாய்வுமானியால் அளந்து பாருங்கள். நீங்கள் நிற்கும் இடம் சமதளமாக இருந்தாலும், மேலே செங்குத்தான பனிச்சாய்வு இருந்தால் அதுவும் அபாயப் பகுதியே. அடியிலுள்ள வலுவற்ற அடுக்கு தொடர்ச்சியாக இருக்கும்போது, கீழே நடப்பவரின் எடையே மேலுள்ள பனியை அறுத்துவிடக்கூடும்.

அந்த வலுவற்ற அடுக்கைக் கண்ணால் காண முடியும். நீங்கள் கடக்கவுள்ள சாய்வின் அதே திசையை நோக்கிய, ஆனால் ஆபத்தில்லாத ஓர் இடத்தில் குழி வெட்டி, அதன் சுவரைக் கையுறையால் மெல்லத் தடவுங்கள். இறுகிய மேலடுக்குக்குக் கீழே, சர்க்கரையை ஒத்த பெரிய மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பொலபொலவென்று உதிர்ந்தால், அதுதான் நீங்கள் தேடிய அடுக்கு. பனி மெல்லியதாகவும் காற்று கடுங்குளிராகவும் இருக்கும் நாட்களில், தரையின் வெப்பத்துக்கும் பனியின் மேற்பரப்புக்கும் இடையிலான வேறுபாட்டால் இம்மணிகள் வளர்கின்றன. வாரக்கணக்கில் அப்படியே நிலைத்தும் விடுகின்றன. குழியில் எதுவும் தென்படவில்லை என்பதற்காகச் சாய்வு முழுவதையும் நம்பிவிடக் கூடாது. பத்து அடி தள்ளி நிலைமை வேறாக இருக்கலாம்.

காலடியில் ‘வும்ப்’ என்று பனி அமுங்கும் ஓசை கேட்டாலோ, காலிலிருந்து விரிசல் பாய்ந்து ஓடினாலோ, அருகில் புதிய பனிச்சரிவைக் கண்டாலோ, வேறு சோதனை எதுவும் தேவையில்லை, திரும்பிவிடுங்கள். புதுப்பனி, காற்று கொண்டுவந்து குவித்த மறுபக்கச் சாய்வு, திடீர் வெப்பம் ஆகியவையும் எச்சரிக்கைகளே. ஐந்து நிலை அபாய அறிவிப்பில் மூன்றாம் நிலையை நடுத்தரம் என்று எண்ணிப் புறப்படுபவர்கள் பலர். அந்நிலையில் மனிதரால் பனிச்சரிவு தூண்டப்படும் வாய்ப்பு அதிகம்.

சந்தேகமான சாய்வைக் கடந்தே ஆக வேண்டுமெனில், ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கள். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று அவரைக் கண்ணிமைக்காமல் கவனிக்க வேண்டும். கீழே பள்ளமோ பாறை விளிம்போ மரங்களோ இருந்தால், சிறு சரிவும் கொல்லும்.

ஒவ்வொருவரிடமும் 457 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸீவர் (சமிக்ஞை அனுப்பி, புதைந்தவரைத் தேட உதவும் கருவி), துழாவும் கம்பி, மண்வாரி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். புதைந்தவர் சுமார் 10 நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்பட்டால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்; அதன்பின் அது மளமளவென்று சரிகிறது. எனவே வெளியுதவிக்காகக் காத்திராமல் உடனிருப்பவர்களே தேட வேண்டும். கம்பி உடலில் பட்டதும் அதைப் பிடுங்காமல் அங்கேயே விட்டுவிட்டு, சாய்வின் கீழ்ப்பக்கத்திலிருந்து தோண்டிச் செல்லுங்கள். முகம் வெளிப்பட்டதும் வாயையும் மூக்கையும் அடைத்திருக்கும் பனியை முதலில் அகற்றி, மார்பை விடுவித்து, மூச்சு வருகிறதா என்று பாருங்கள்.