மணநாளில் ஓவியக்கூடமும் இரவு உணவும்: இருவர் மட்டும் போகும் ஒரு மாலைக்கான திட்டம்

திருமண நாளை ஓவியங்களுக்கு நடுவே தொடங்கி உணவு மேசையில் முடிக்க விரும்பும் தம்பதியர், எத்தனை மணிக்குச் சாப்பிட உட்காரப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி அந்த மாலையைக் கணக்கிட வேண்டும். இரவு உணவு 7.30 மணிக்கு என்றால், அருங்காட்சியகத்தை விட்டு 6.30 மணிக்கு வெளியே வந்துவிடுவது நல்லது. உள்ளே இரண்டு மணி நேரம் போதும் என்பதால் 4.30 மணிக்கு நுழைந்தால் சரியாக இருக்கும். பல அருங்காட்சியகங்கள் மாலை 5 அல்லது 6 மணிக்கே மூடப்படும், கடைசி நுழைவும் அதற்கு அரை மணி நேரம் முன்பே முடிந்துவிடும் என்பதால், வாரத்தில் ஒரு நாள் இரவு வரை திறந்திருக்கும் வழக்கம் அங்கே உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மணநாள் அருங்காட்சியகத்தின் வார விடுமுறை நாளில் வந்தால், தேதிக்காக அடம்பிடிக்காமல் ஒரு நாள் தள்ளி வைத்துக்கொள்ளலாம். கதவு சாத்தியிருக்கும் கட்டடத்தின் முன்னால் நின்று அந்த மாலையைத் தொடங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

இரண்டு மணி நேரம் குறைவு என்று தோன்றலாம். எங்கள் முதல் முயற்சியில் நாங்களும் அப்படித்தான் எண்ணி, ஒரு பெரிய அருங்காட்சியகத்தின் எல்லா அறைகளையும் நான்கரை மணி நேரம் சுற்றி வந்தோம். அன்று இரவு எதிரெதிரே உட்கார்ந்தபோது இருவருக்கும் கால் வலித்தது, பார்த்தவற்றில் எதுவும் மனத்தில் தனியாக நிற்கவில்லை, பேசவும் தெம்பு இல்லை. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-ஆம் ஆண்டிலேயே இந்தச் சோர்வைப் பற்றி எழுதியிருக்கிறார்: உயரம் பொருந்தாத கண்ணாடிப் பெட்டிகளுக்கும் விளக்கச் சீட்டுகளுக்கும் முன்னால் குனிந்தும் எக்கியும் பார்ப்பவரின் உடல் எப்படிக் களைத்துப்போகிறது என்பதைப் புகைப்படங்களோடு காட்டினார். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் நடத்தி 2001-இல் வெளியான ஆய்வொன்று, பார்வையாளர் ஒரு கலைப்படைப்பின் முன் சராசரியாக நிற்பது ஏறத்தாழ 27 விநாடிகள்தான் என்று கண்டது. அந்த வேகத்தில் இருநூறு படங்களைக் கடந்து போவதைவிட, மூன்று படங்களின் முன்னால் இருவரும் சேர்ந்து நின்றுவிட்டு வருவதே அன்றைய நாளுக்குப் பொருத்தமானது.

அந்த மூன்றையும் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கலாம். ஆளுக்கு ஒன்றை மற்றவருக்குச் சொல்லாமல் அருங்காட்சியகத்தின் இணையதளத்திலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, மூன்றாவதை அங்கே தற்செயலாகக் கண்ணில் படுவதற்கு விட்டுவிடுவது எங்களுக்குப் பிடித்த முறை. எடுத்த படம் தற்போது சுவரில் இருக்கிறதா என்பதையும் சரிபார்த்துவிடுங்கள். படைப்புகள் வேறு கண்காட்சிகளுக்கு இரவலாகப் போவதுண்டு, காகிதத்தில் வரைந்தவை ஒளி பட்டால் மங்கிவிடும் என்பதால் சில மாதங்களுக்கு மேல் தொடர்ந்து வெளியே வைக்கப்படுவதில்லை. தேர்ந்தெடுப்பது காதல் படமாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு நாற்காலியின் படம்கூட, அதை ஏன் எடுத்தோம் என்று சொல்ல முடிந்தால், நல்ல தேர்வுதான்.

ஆனாலும் கணவன் மனைவியாக நின்று பார்ப்பதற்கென்றே வரைந்தவை போலச் சில ஓவியங்கள் இருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'யூத மணப்பெண்' அவற்றுள் ஒன்று. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தம் கடைசி ஆண்டுகளில், 1665-க்கும் 1669-க்கும் இடையில் வரைந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் ஆணின் சட்டைக்கை பொன்னாக மின்னுவது மட்டும் தெரிகிறது. அருகே போனால் அது கத்தியால் அப்பிய சாந்துபோலத் தடித்துக் கிடக்கும் வண்ணம் என்று புரிகிறது. பிறகு கண் கைகளுக்கு இறங்குகிறது. அவன் வலது கை அவள் மார்பின் மேல் மெல்லப் படிந்திருக்க, அவள் தன் விரல் நுனிகளை அந்தக் கையின் மேல் வைத்திருக்கிறாள். இருவரின் பார்வையும் சந்திக்கவே இல்லை. நெடுநாள் ஒன்றாக வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பார்வையின் விலகலும் கைகளின் நெருக்கமும் எதைச் சொல்கின்றன என்று எவரும் விளக்க வேண்டியதில்லை.

படத்தின் முன்னால் நிற்பதற்கு ஓர் ஒழுங்கை வைத்துக்கொண்டால் உதவியாக இருக்கும். முதல் ஐந்து நிமிடம் இருவரும் பேசக் கூடாது, பக்கத்திலுள்ள விளக்கச் சீட்டையும் படிக்கக் கூடாது. பெயரையும் ஆண்டையும் முதலில் படித்துவிட்டால் கண் அதன் பிறகு அவற்றைச் சரிபார்க்கும் வேலையைத்தான் செய்கிறது. ஐந்து நிமிடம் கழித்து, தாம் கண்டதை ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். படத்தைத் தேர்ந்தெடுக்காதவர் முதலில் பேச வேண்டும். ஓவியத்தைப் பற்றிக் கூடுதலாகத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அவர் அன்று தம் அறிவைச் சற்றே அடக்கிக்கொள்வது மிக மிக முக்கியம், ஏனென்றால் வகுப்பு எடுக்கத் தொடங்கிய நொடியில் மற்றவர் மாணவராகிவிடுகிறார், மணநாள் அங்கேயே காணாமல் போய்விடுகிறது. இருக்கை இருந்தால் உட்கார்ந்தே பாருங்கள்.

மலர்க்கொத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டாம். பூவோடும் ஈரத்தோடும் பூச்சிகள் வரக்கூடும் என்பதால் ஓவிய அறைகளுக்குள் அதை அனுமதிக்க மாட்டார்கள்; உணவகத்தில் முன்பே கொடுத்து வைத்தால் மேசையில் காத்திருக்கும். பெரிய பைகளையும் நுழைவாயிலில் வாங்கி வைத்துவிடுவார்கள். புகைப்படம் எடுக்க அனுமதி இருந்தாலும் ஃபிளாஷ் கூடாது. மாலைக்கேற்ற உடை அணிந்தாலும் காலணி மட்டும் நடப்பதற்கு ஏற்றதாக, முன்பே போட்டுப் பழகியதாக இருக்கட்டும்.

வெளியே வந்ததும் நேராக உணவகத்துக்குள் போய்விடாதீர்கள். இடையில் முக்கால் மணி நேரமாவது நடந்தோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோ கழித்தால்தான் பார்த்தது உள்ளே படியும், பசியும் எடுக்கும். அதனால் நடக்கும் தூரத்திலுள்ள உணவகமே நல்லது. முன்பதிவு செய்யும்போது மணநாள் என்பதைச் சொல்லி, ஒலிபெருக்கிக்கும் சமையலறைக் கதவுக்கும் தள்ளி ஒரு மூலை மேசையாகக் கேளுங்கள். பேசுவதற்குத்தான் அங்கே போகிறோம் என்பதால் இரைச்சல் இல்லாத இடத்தைப் பெயர்பெற்ற இடத்துக்கு மேலாக நான் மதிக்கிறேன். உணவைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் அந்த இடைவெளியில், எடுத்து வைத்த படத்தை ஏன் எடுத்தோம் என்பதை இருவரும் சொல்லலாம். அப்போது கைப்பேசியில் படத்தைத் தேடிப் பார்க்காமல் நினைவிலிருந்தே பேசுங்கள். அந்த மணப்பெண்ணின் விரல்கள் எந்தக் கையின் மேல் இருந்தன, பின்னால் இருள் என்ன நிறம் என்று இருவர் நினைவும் முரண்படும் இடங்களில்தான் பேச்சு நீளும்.

அருங்காட்சியகக் கடையில் அந்த மூன்றில் ஏதேனும் ஒன்றின் அஞ்சலட்டை கிடைத்தால் வாங்கி வந்து, சாப்பாடு முடிந்ததும் மேசையிலேயே பின்புறத்தில் தேதியையும் ஆளுக்கு ஒரு வரியையும் எழுதுங்கள். அதைத் திருமண ஆல்பத்தின் கடைசிப் பக்கத்துக்குள் வைத்துவிடலாம். அதற்காக இருவரில் ஒருவர் மறக்காமல் ஒரு பேனா எடுத்துப் போக வேண்டும்.