இரண்டு முயல்களைச் சேர்க்கும்போது செய்யும் தவறுகள்

போன வாரம் எதிர்வீட்டுப் பையன் சந்தோஷமாக வந்தான். "அக்கா, தையல் நல்லா ஆறிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். இன்னைக்கு ராத்திரியே ரெண்டையும் ஒண்ணா விட்டுடலாமா?" அவனுடைய ஆண் முயலுக்குக் கருத்தடை ஆபரேஷன் ஆகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. பல வருடங்களுக்கு முன்னால் நானும் இதே பத்தாம் நாளில்தான் தவறினேன்.

புது முயலைப் பழைய முயலின் கூண்டில் நேராகக் கொண்டுபோய் விடக்கூடாது என்பது இப்போது எல்லோருக்கும் தெரிகிறது. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. விவரம் தெரிந்தவர்களே செய்யும் தவறுகள் இவை.

தையல் ஆறியதும் சேர்த்துவிடுவது

விதைகளை எடுத்த பிறகும் குழாயில் விந்து மிச்சம் இருக்கும். நாலு முதல் ஆறு வாரம் வரை அந்த ஆண் முயலால் பெண்ணைச் சினையாக்க முடியும். பெண் முயலுக்கோ பருவம் பார்த்துக் காத்திருக்கும் வேலையே இல்லை. இணை சேர்ந்த பிறகுதான் அதற்குக் கருமுட்டையே வெளியாகும். இணை சேர சில நொடிகள் போதும். "பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன்" என்பதெல்லாம் இங்கே உதவாது.

எங்கள் பஞ்சுவைப் பத்தாம் நாள் கருப்பியுடன் விட்டேன். முதல் நாளே ஒன்றின் நெற்றியை ஒன்று நக்கிக்கொடுத்தது. வீட்டில் எல்லோருக்கும் போட்டோ எடுத்துக் காட்டினேன். ஒரு மாதம் கழித்துக் கருப்பி வாய் நிறையப் புல்லைக் கவ்விக்கொண்டு மூலைக்கு ஓடியது. நெஞ்சு முடியைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கியது. சொறி வந்துவிட்டது என்று நினைத்து, மறுநாள் மருந்து வாங்கப் போக வேண்டும் என்று குறித்துவைத்தேன். விடிந்தபோது முடிக்கு நடுவில் ஆறு குட்டிகள். முயலின் சினைக்காலம் 31 நாள்தான்.

அதோடு போகவில்லை. குட்டிகளைக் காக்கும் வேகத்தில் கருப்பி பஞ்சுவின் காதைக் கிழித்துவிட்டது. குட்டிகளுக்கு நல்ல வீடு தேடி அலைந்தேன். கருப்பிக்கும் ஆபரேஷன் செய்து, அது தேறும்வரை காத்திருந்து, இரண்டையும் முதலிலிருந்து பழக்கினேன். ஐந்து மாதம் போனது. இன்னும் ஐந்து வாரம் பொறுத்திருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது. இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

தையல் ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்னால் புண் ஆறிவிட்டது என்று மட்டும்தான் பொருள். பழைய சுரப்புகளின் வேகம் அடங்கவும் வாரக்கணக்கில் ஆகும். அதுவரை மூத்திரம் பீய்ச்சுவது, விரட்டுவது எல்லாம் இருக்கும். ஆபரேஷன் நாளிலிருந்து ஆறு வாரம் எண்ணிக் காலண்டரில் வட்டம் போடுங்கள். எதிர்வீட்டுப் பையனை உட்காரவைத்து அதைத்தான் செய்தேன். பெண் முயலுக்கும் ஆபரேஷன் செய்வது நல்லது. செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏறும்போது கருப்பையில் புற்றுநோய் வருவது சாதாரணம்.

கூண்டுகளை ஒட்டிவைப்பது

அந்த ஆறு வாரமும் வீண் இல்லை. இரண்டு கூண்டுகளையும் ஒன்றை ஒன்று பார்க்கும்படி வைக்கலாம். ஆனால் நடுவில் நாலு விரல் இடைவெளியாவது வேண்டும். கம்பி வழியாக மூக்கையும் கால்விரலையும் கடித்துவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கீழே விரித்த சாக்கை மாற்றிப் போடுங்கள். இதன் புழுக்கை வாசனை அதற்கும், அதனுடையது இதற்கும் பழகட்டும்.

சண்டைக்கு நடுவில் கையை விடுவது

கூடவே கூடாது. முறமோ கெட்டி அட்டையோ கையில் இருக்கட்டும்.

ஏறினாலே பிரித்துவிடுவது

இரண்டுக்கும் புதிதான இடத்தில், அது குளியலறையாகக்கூட இருக்கலாம், முதல் தடவை பத்து நிமிடம் விடுகிறோம். ஒன்று மற்றதன்மேல் ஏறுகிறது. யார் பெரியவர் என்று முடிவு செய்யும் பேச்சு அது. கொஞ்ச நேரம் விடுங்கள். ஒவ்வொரு தடவையும் பிரித்தால் அந்தப் பேச்சு முடியவே முடியாது. கொஞ்சம் முடி பறப்பதும் சகஜம்தான். தலைப்பக்கம் ஏறினால் மட்டும் உடனே இறக்கிவிடுங்கள். கீழே இருப்பது மேலே இருப்பதன் பிறப்புறுப்பைக் கடித்துவிடும். காதைப் பின்னால் மடித்து, வாலைத் தூக்கிக்கொண்டு இரண்டும் வட்டமடித்தால் அன்றைக்கு அதோடு போதும்.

சண்டை நடந்துவிட்டால் முடியை விலக்கித் தோலைத் தடவிப் பாருங்கள். அடர்ந்த முடிக்குள் கடித்த இடம் வெளியே தெரியாது. மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் கட்டும். முயலின் சீழ் கட்டித் தயிர் போல இருக்கும், தானாக வடியாது.

மே மாதத்தில் தொடங்குவது

வேண்டாம். 30 டிகிரியைத் தாண்டினாலே முயல் திணறும். அதோடு பயமும் சேர்ந்தால் தின்பதை நிறுத்திவிடும். அரை நாள் தின்னாவிட்டால் குடல் ஓட்டம் நின்றுபோகும் ஆபத்து உண்டு, உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

சேர்ந்த பிறகு ஒன்றை மட்டும் தூக்கிப் போவது

நகம் வெட்டவோ ஊசி போடவோ போனாலும் இரண்டையும் ஒரே கூடையில் கொண்டுபோங்கள். தனியாகப் போன முயல் ஆஸ்பத்திரி வாசனையோடு திரும்பி வரும். வீட்டில் இருந்த முயல் அதை யாரோ என்று நினைத்து விரட்டலாம். பிறகு மறுபடியும் இரண்டு கூண்டு, நடுவில் நாலு விரல் இடைவெளி.