வீட்டு ஷெட்டுக்கு எந்தெந்த டூல்ஸ்?

வீட்டிலேயே கார் வேலை பார்க்க முதலில் வேண்டியது ஜாக் ஸ்டாண்டு, அதாவது தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால். ஸ்பானர்கூட அப்புறம்தான். ஹைட்ராலிக் ஜாக் வண்டியைத் தூக்க மட்டும்தான். உள்ளே சீல் கசிந்தால் இறங்கிவிடும். 2 டன் ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்குங்கள். சமமான சிமென்ட் தரையில் வைத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை அதன்மேல் இறக்கி, ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகே அடியில் படுங்கள். செங்கல் வேண்டவே வேண்டாம், சட்டென்று நொறுங்கும்.

சரி, ஸ்பானர். 100 உருப்படி கொண்ட பெட்டி தேவையில்லை. என் பழைய மாருதி 800-க்கு நான் அதிகம் எடுப்பது 10, 12, 14, 17 மில்லிமீட்டர்தான். இவற்றில் ரிங் ஸ்பானர், பாக்ஸ் (போல்ட் தலைமேல் கவிழ்த்துப் போடும் சாக்கெட்) இரண்டும் நல்ல தரத்தில் எடுங்கள். பாக்ஸின் வாய்க்குள் பாருங்கள், 6 முனை இருக்க வேண்டும். மலிவான 12 முனை பாக்ஸைப் போட்டு, துருப்பிடித்த 10 எம்எம் போல்ட்டின் தலையை மழுங்கடித்துவிட்டேன். அதைக் கழற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

டார்க் ரெஞ்ச், அதாவது சொன்ன அளவு விசையில் மட்டும் முறுக்க உதவும் ஸ்பானர், விலை கூடுதல்தான். ஆனாலும் வீல் நட்டுக்கும் ஸ்பார்க் பிளக்குக்கும் கை அளவை நம்பாதீர்கள். வைத்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று சொல்லும் வகை என்றால், வேலை முடிந்ததும் குறைந்தபட்ச அளவுக்குத் திருப்பி வையுங்கள், ஸ்பிரிங் தளராது.