லினக்ஸில் லாகின் செய்ததும் தானாகக் கிளம்பும் புரோகிராம்களை நிறுத்த

லாகின் செய்து டெஸ்க்டாப் வந்த பிறகும் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் திணறுகிறதா? நீங்கள் கேட்காமலே சில புரோகிராம்கள் பின்னணியில் ஓடத் தொடங்கியிருக்கலாம். உபுண்டுவில் 'ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ்', கேடிஇ டெஸ்க்டாப் என்றால் செட்டிங்ஸில் 'ஆட்டோஸ்டார்ட்'. வேண்டாததை முதலில் அங்கே எடுத்துவிடுங்கள்.

ஆனால் உபுண்டுவின் அந்தப் பட்டியலில் எல்லாம் தெரியாது. இடிசி ஃபோல்டருக்குள் எக்ஸ்டிஜி, அதற்குள் ஆட்டோஸ்டார்ட் என்று போய்ப் பாருங்கள். அங்குள்ள பல கோப்புகளில் 'நோடிஸ்ப்ளே=ட்ரூ' என்று ஒரு வரி இருக்கும்; அதுதான் அவற்றை மறைத்து வைக்கிறது. அந்தக் கோப்புகளை அழிக்க வேண்டாம், அவை எல்லாப் பயனர்களுக்கும் பொது. வேண்டாத கோப்பின் நகலை, பெயரை மாற்றாமல், உங்கள் ஹோம் ஃபோல்டரில் புள்ளியோடு தொடங்கும் கான்ஃபிக் ஃபோல்டரின் ஆட்டோஸ்டார்ட்டுக்குள் போடுங்கள். (கண்ட்ரோல், ஹெச் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மறைந்த ஃபோல்டர்கள் தெரியும்.) நகலில் 'ஹிட்டன்=ட்ரூ' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். உங்கள் கணக்கில் மட்டும் அது கிளம்பாது.

அப்புறமும் ஓடுகிறதா? அப்படியானால் அது சிஸ்டம்டி (லினக்ஸில் பின்னணிச் சேவைகளைக் கிளப்பி நிர்வகிக்கும் புரோகிராம்) உங்கள் கணக்குக்காக ஓட்டும் யூசர் சர்வீஸாக இருக்கலாம். டெர்மினலில் சிஸ்டம்சிடிஎல் கட்டளையை 'யூசர்' தேர்வோடு கொடுத்து அந்த சர்வீஸை 'மாஸ்க்' செய்யுங்கள், அதாவது யார் கூப்பிட்டாலும் கிளம்பாதபடி பூட்டிவிடுங்கள். வெறும் 'டிசேபிள்' போதாது. வேறொரு புரோகிராம் கூப்பிட்டால் மறுபடி எழுந்துவிடும். மனம் மாறினால் 'அன்மாஸ்க்' இருக்கிறது.

போல்கிட் (அனுமதிகளைக் கவனிப்பது), கீரிங் (பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைப்பது), பைப்வயர் (ஒலியைக் கவனிப்பது) ஆகியவற்றைத் தொடவே தொடாதீர்கள். பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி வராது, ஒலியும் போய்விடும்.