இறக்குமதி கார் மாற்றியமைப்பு: புதியவர்கள் சொற்களிடம் ஏமாறும் இடங்கள்

சென்ற மாதம் ஓர் இளைஞர் தம்முடைய ஹோண்டா சிவிக்கின் படத்தை என்னிடம் காட்டி, "அண்ணா, இதை ஃப்ளஷ் ஆக்குவதற்கு எந்த வீல் வாங்கலாம்?" என்று கேட்டார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன், ஏறத்தாழ இதே காரை வைத்துக்கொண்டு, இதே கேள்வியை நானும் ஒருவரிடம் கேட்டேன். ஜப்பானியக் கார்களைத் தம் விருப்பப்படி மாற்றியமைப்போர் பேசும் சொற்களில் பெரும்பாலானவை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பிறந்தவை. அவற்றின் பொருளை விசாரிக்காமல் ஓசையை மட்டும் பிடித்துக்கொண்டு பாகங்கள் வாங்கினால், பணமும் போகும், காரும் கெடும். நட்டை இறுக்க மறப்பது போன்ற, எவருக்கும் தெரிந்த பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஜேடிஎம் என்பதைப் பாராட்டுச் சொல்லாக எண்ணுவது

ஜப்பான் உள்நாட்டுச் சந்தையில் விற்பதற்கென்றே தயாரான காரையும் பாகத்தையும் மட்டுமே ஜேடிஎம் என்ற சொல் குறிக்கும். ஜப்பானிய நிறுவனம் செய்தது என்பதாலோ, ஜப்பான் மண்ணிலேயே செய்தது என்பதாலோ ஒரு கார் ஜேடிஎம் ஆகிவிடாது. அமெரிக்காவுக்கென்று ஜப்பானில் செய்யப்பட்டு, அக்யூரா என்ற பெயரில் விற்பனையான இன்டெக்ரா ஜேடிஎம் அன்று.

இந்தச் சொல்லைத் தரத்துக்கான முத்திரையாக எடுத்துக்கொள்வோர் முதலில் இடறுவது முகப்பு விளக்கில்தான். ஜப்பானில் வண்டிகள் சாலையின் இடப்புறம் ஓடுவதால், அந்நாட்டு விளக்கின் ஒளிக்கற்றை இடப்பக்க ஓரத்தை நோக்கிச் சற்று மேலேறி நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். வலப்புறம் ஓட்டும் அமெரிக்காவில் அந்த இன்டெக்ராவுக்கு அதே விளக்கைப் பொருத்தினால், மேலேறிய அந்த ஒளி எதிரே வருபவரின் கண்ணில் நேராகப் பாயும். பகலில் எடுத்த படத்தில் அந்த இன்டெக்ரா எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், இரவில் எதிரே வருபவர் அதற்குப் பொறுப்பேற்க முடியாது.

ஃப்ளஷ் என்ற சொல்லை நம்பி வீல் வாங்குவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். ரிம்மின் வெளி விளிம்பும் மட்கார்டின் விளிம்பும் ஒரே கோட்டில் நிற்பதை ஃப்ளஷ் என்கிறார்கள். அது கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதைச் சொல்லும் சொல்லே தவிர, எந்த அளவையும் சொல்வதில்லை. என் காரில் முதலில் இருந்த வீல் 15 அங்குல விட்டமும் 6 அங்குல அகலமும் +45 ஆஃப்செட்டும் கொண்டது. சக்கரம் பொருந்தும் மையப் பகுதியான ஹப்பைத் தொடும் முகம், ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் இருக்கிறது என்பதே ஆஃப்செட். நான் வாங்கி வந்ததோ 9 அங்குல அகலமும் +20 ஆஃப்செட்டும் கொண்டது. ரிம் அகலத்தின் பாதியிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால், ஹப்பைத் தொடும் முகத்திலிருந்து வெளி விளிம்பு எத்தனை மில்லிமீட்டர் தள்ளி நிற்கும் என்பது கிடைத்துவிடும். பழைய வீலுக்கு 76-இல் 45 போக 31, புதிய வீலுக்கு 114-இல் 20 போக 94. வீல் 63 மில்லிமீட்டர் வெளியே வந்துவிட்டது. ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டிருக்க வேண்டிய இந்தக் கணக்கை நான் வீல்களை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் போட்டேன்.

வெளியே வந்ததை மறைக்கக் காரைத் தாழ்த்தினேன். 195 மில்லிமீட்டர் அகல டயரை 9 அங்குல ரிம்மில் இழுத்து மாட்டினேன். சக்கரத்தின் தலைப்பக்கம் உள்ளே சாயும்படி கேம்பரை மைனஸ் 5 டிகிரி அளவுக்குக் கொண்டுபோனேன். ஜப்பானில் இதன் எல்லை மீறிய வடிவத்துக்கு ஓனிக்யான், அதாவது பேய்க் கேம்பர், என்று பெயர். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் ஒரு நாள் காரை ஜாக்கியில் ஏற்றி, டயரின் மேற்பரப்பைக் கையால் தடவிப் பார்த்தேன். வெளி ஓரத்தில் புது டயருக்கே உரிய சிறு ரப்பர் முடிகள் அப்படியே இருந்தன. உள் ஓரத்தில் விரலைக் கம்பி குத்தியது. கேம்பர் சுமையை உள் ஓரத்துக்குத் தள்ளியது உண்மைதான். ஆனால் அவ்வளவு விரைவாகத் தேய்த்தது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம். காரைத் தாழ்த்தும்போது சக்கரங்கள் நோக்கும் திசையும் மாறிவிடுவதால், அவை உருளும்போதே தரையில் உரசிக்கொண்டும் போகின்றன. தாழ்த்திய பிறகு வீல் அலைன்மென்ட் செய்யாமல் விட்டது என் குற்றம்.

சேதம் டயரோடு நிற்கவில்லை. ஆஃப்செட் 25 மில்லிமீட்டர் குறைந்ததால் சக்கரத்தின் நடுக்கோடும் அவ்வளவு வெளியே நகர்ந்தது. அதனால் சமமற்ற சாலையில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பக்கம் ஓடியது. கூடுதல் நெம்புவிசை ஹப் பேரிங்கில் இறங்கி, வளைவுகளில் ஏறி இறங்கும் ஓர் உறுமலாக முதலில் காதுக்குத் தெரிந்தது. கடைசியில், நான்கு பேர் ஏறிச் சென்ற ஒரு நாள், சாலைப் பள்ளத்தில் கார் அமுங்கியபோது மட்கார்டின் விளிம்பு டயரின் பக்கச்சுவரைக் கத்திபோல் கிழித்தது. வேகம் குறைவாக இருந்ததால் எவருக்கும் அடிபடவில்லை. டயர்கள், பேரிங், மட்கார்டு எல்லாவற்றுக்கும் செலவழித்தபின் அந்த வீல்களை வாங்கியதில் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே அந்த இளைஞரிடம் நான் எந்த வீலின் பெயரையும் சொல்லவில்லை. இப்போதுள்ள ரிம்முக்கும் மட்கார்டுக்கும் இடையிலும், உள்பக்கம் டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் இடையிலும் உள்ள இடைவெளிகளை அளந்து, எண்களை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். எண்ணைக் கேட்காமலேயே "மட்கார்டை மடித்துவிடு, சரியாகிவிடும்" என்று அறிவுரை சொல்பவரிடமிருந்து விலகியிருங்கள்.

டைப் ஆர் சின்னம்

டைப் ஆர் என்பது ஹோண்டா தன் கார்களில் வேகத்துக்கென்றே தனியாகச் செய்த வகை. அதன் சிவப்பு ஹோண்டா சின்னம் 1992-இன் என்எஸ்எக்ஸ், 1995-இன் இன்டெக்ரா, 1997-இன் சிவிக் ஆகியவற்றில் இஞ்சினோடும் சஸ்பென்ஷனோடும் சேர்ந்து வந்தது. சின்னத்தை மட்டும் ஒட்டாதீர்கள்.

பச்சை மஞ்சள் இலை

சிலர் காரில் ஒட்டிக்கொள்ளும் இந்த இலைச் சின்னம் அலங்காரம் அன்று. உரிமம் பெற்ற முதல் ஆண்டில் புதிய ஓட்டுநர் காரில் வைக்க வேண்டிய அடையாளமாக ஜப்பானில் 1972-இல் வந்தது.

தாழ்ந்த பழைய கார் எல்லாவற்றையும் போசோசோக்கு என்பது

போசோசோக்கு என்பது முதன்மையாக மோட்டார் சைக்கிள் கும்பல்களின் பெயர். வெறுமனே தாழ்த்திய காருக்கு ஷாகோதான் என்ற சொல் இருக்கிறது. பந்தயக் கார்களைப் பார்த்து அகன்ற மட்கார்டும் முன்பம்பரின் கீழே தாடைபோல் நீளும் தகடும் வைத்துக்கொண்ட பாணிக்கு குராச்சான் என்று பெயர். 1971 முதல் 1989 வரை நடந்த ஃபுஜி கிராண்ட் சாம்பியன் பந்தயத்தின் பெயர்ச்சுருக்கம் அது. பல ஆண்டுகள் உழைத்து அந்தப் பாணியில் ஒரு காரை உருவாக்கியவரிடம் போய் அதைக் கும்பல் வண்டி என்று சொல்வது அவருடைய உழைப்பைக் காணாமலிருப்பதாகும்.

பிடிக்காததை ரைஸ் என்று சொல்வது

ஜப்பானிய வண்டிகளையும் ஆசிய மக்களையும் சோற்றோடு சேர்த்து இழிவுபடுத்திய பேச்சிலிருந்து வந்த சொல் இது. பாசாங்கான மாற்றத்தை மட்டுமே இப்போது அது குறிக்கிறது என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. அந்த வசையின் வேர் மறைந்துவிடவில்லை. மேலும், அதைக் கேட்கும் புதியவருக்குத் தம் காரில் எது தவறு என்பதும் தெரிவதில்லை. உயரமான பின்விங் வைத்த ஒருவரைப் பார்த்தால், அதன் கால்கள் பூட் மூடியின் மெல்லிய தகட்டில் மட்டும் நிற்கின்றன, அடியில் தாங்குதகடு இல்லை, நெடுஞ்சாலை வேகத்தில் தகடு நெளியும் என்று சொல்லுங்கள். அன்று மாலையே அவர் பூட்டைத் திறந்து அடியில் பார்ப்பார்.