கிலோட்டோவா ஏரி: முதல்முறை போகிறவர்களுக்கு

மலைக்குப் போனால் முதலில் ஏறுவோம், பிறகு இறங்குவோம். ஈக்வடாரில் உள்ள கிலோட்டோவாவில் இது தலைகீழ். பஸ் உங்களை எரிமலைக் குழியின் விளிம்பிலேயே இறக்கிவிடும். ஏரி சுமார் 300 மீட்டர் கீழே கிடக்கும். துள்ளிக்கொண்டு இறங்கிவிடலாம். களைத்த காலோடு ஏறித் திரும்புவதுதான் உண்மையான பயணம். ஆகவே எல்லாத் திட்டத்தையும் அந்த ஏற்றத்தை நினைத்தே போடுங்கள்.

1. உடம்பைப் பழக்குங்கள்

விமானம் இறங்கிய மறுநாளே கிளம்பாதீர்கள். தலைநகர் கீட்டோவே 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இரண்டு, மூன்று இரவுகள் தங்குங்கள். ஏரியின் விளிம்பு 3,800 மீட்டருக்கும் மேல். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கடற்கரையில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்கு ஆக்சிஜன்தான் கிடைக்கும். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் ஏரியை மறந்துவிட்டுத் தாழ்வான ஊருக்குத் திரும்புங்கள். இதில் வீரம் வேண்டாம். இதய நோய் உள்ளவர்கள் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

2. பஸ்

கீட்டோவின் தெற்கே கிட்டும்பே பஸ் நிலையம். அங்கிருந்து லத்தாகுங்கா நகரம் இரண்டு மணி நேரம். பஸ் மாறினால் ஏரிக்கு இன்னும் இரண்டு மணி நேரம். நேரடி பஸ் கிடைக்காவிட்டால் வழியில் உள்ள சும்பாவா ஊரில் இறங்கிப் பிக்கப் வண்டி பிடிக்கலாம். 2000ஆம் ஆண்டு முதல் இந்த நாட்டில் அமெரிக்க டாலர்தான் புழங்குகிறது. சில்லறை நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பது.

3. பை

காற்றைத் தடுக்கும் மேலாடை, தொப்பி, வெயில் களிம்பு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். குளிர்கிறதே என்று களிம்பை விட்டுவிடாதீர்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்த உயரத்தில் வெயில் தோலை உரித்துவிடும். ஏரித் தண்ணீரில் உப்புகள் கரைந்திருப்பதால் அதைக் குடிக்க முடியாது.

4. இறக்கம்

அரை மணி, முக்கால் மணி நேரம் ஆகும். பாதையில் எரிமலை மணல் சறுக்கும். பிடிமானமுள்ள காலணி அவசியம். விளிம்பில் சற்று நின்று பார்த்துவிட்டு இறங்குங்கள். 1280 வாக்கில் நடந்த பெருவெடிப்பில் மலையின் உச்சி உள்ளே சரிந்து உண்டான குழி இது. அகலம் சுமார் 3 கிலோமீட்டர். அதில் நிறைந்த நீரின் ஆழம் 250 மீட்டர் அளவு. ஏரியின் அடியில் இன்றும் வாயு கசிகிறது. மேகம் விலகும்போது நீர் பச்சையாகத் தெரியும், மூடும்போது கருநீலமாகும். கரையில் உட்கார்ந்து அந்த மாற்றத்தைப் பார்த்த அரை மணி நேரம் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

5. ஏற்றம்

ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். இருபது அடி நடந்து நில்லுங்கள், மூச்சு அடங்கியதும் அடுத்த இருபது. பேச்சு வேண்டாம். முடியாவிட்டால் கரையிலேயே கோவேறு கழுதைகள் வாடகைக்குக் கிடைக்கும்; அந்தப் பணம் விளிம்பில் உள்ள ஊரின் கிச்சுவா பழங்குடிக் குடும்பங்களுக்குப் போகிறது.

விளிம்பைச் சுற்றி நடக்கும் பாதையும் உண்டு, ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. அதை அதே நாளில் தொடங்காதீர்கள். ஊரில் ஒரு இரவு தங்கி, விடிந்ததும் கிளம்புங்கள். மதியத்துக்குப் பிறகு மேகம் இறங்கினால் பத்தடி முன்னால் இருக்கும் பாதைகூடத் தெரியாது.