ருதிணகோலைம: பழைய கணினி டிஸ்க்கின் பைட் வரிசையைக் கையாளும் முறை

'திருகோணமலை' என்ற பெயரை எழுத்துக்கு ஒரு பைட் என்று வைத்து அட்டாரி ஃபால்கன் என்ற பழைய கணினியின் ஐடிஇ (டிஸ்க்கை இணைக்கும் ஒரு முறை) டிஸ்க்கில் எழுதுங்கள். அதே டிஸ்க்கைக் கழற்றிப் பீசியில் மாட்டி வாசித்தால் 'ருதிணகோலைம' என்று வரும். டிஸ்க் பழுதில்லை. ஐடிஇயின் டேட்டா பாதை 16 பிட் அகலம். 512 பைட் செக்டர் (டிஸ்க்கின் ஒரு துண்டு) ஒன்று 256 வேர்டுகளாக, அதாவது இரண்டிரண்டு பைட்டாக, போகிறது. ஒவ்வொரு வேர்டிலும் முதல் பைட், பீசியில் கீழ்ப்பாதிக் கம்பிகளில் (டி0 முதல் டி7) ஏறும். மோட்டரோலா 68000 செயலிக் குடும்பத்தில் நேராக வயர் இழுத்தால் மேல்பாதியில் ஏறும். ஃபால்கன் அப்படித்தான். அமிகா 600, 1200 கணினிகள் இரண்டிலும் பலகையிலேயே பாதிகளை மாற்றி இணைத்திருப்பதால் அவற்றின் டிஸ்க் பீசியில் நேராகவே தெரியும்.

இது கம்பி வரிசை. இன்னொன்று எண் வரிசை: பல பைட் கொண்ட எண்ணில் எந்தப் பைட் முதலில் வரும் என்பது. 'இலக்கம் 12, டொக்யார்ட் வீதி, திருகோணமலை' என்று சின்னதிலிருந்து எழுதினால் லிட்டில் எண்டியன். ஊரிலிருந்து தொடங்கினால் பிக் எண்டியன். 512 (ஹெக்ஸில் 0200) என்ற எண் ஃபேட் கோப்பு முறைமையின் பூட் செக்டரில் 00 02 என்று லிட்டில் எண்டியனாக இருக்கும். 68000 அதை அப்படியே எடுத்தால் கிடைப்பது 2. கம்பி வரிசை செக்டர் முழுவதையும், எழுத்துகளையும் சேர்த்து, இரண்டிரண்டாகப் புரட்டும். எண் வரிசை எண்களை மட்டும் தொடும், எழுத்துகள் தப்பிவிடும். டிரைவர் (டிஸ்க்கை இயக்கும் நிரல்) எழுதுபவர்கள் அதிகம் அடிபடுவது ஒன்றின் மருந்தை மற்றதற்குக் கொடுக்கும்போதுதான்.

ஆகவே முதலில் எழுத்தைப் பாருங்கள். டிஸ்க்கின் நகலை எடுத்து (இயங்குதளம் 'இனிஷியலைஸ்' செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி) முதல் செக்டரைத் திறக்கவும். பீசிப் பகிர்வு அட்டவணை என்றால் 510, 511ஆம் பைட்டுகள் 55 ஏஏ என்று இருக்க வேண்டும். ஏஏ 55 என்றால் கம்பி வரிசை புரண்டிருக்கிறது. அமிகா டிஸ்க்கில் முதல் 16 பிளாக்குகளுக்குள் ஆர்-டி-எஸ்-கே என்ற நான்கு எழுத்து கிடைக்கும். டி-ஆர்-கே-எஸ் என்று வந்தால் அதே நோய். ஒரு எச்சரிக்கை: லினக்ஸில் ஹெக்ஸ்டம்ப் கட்டளையை விருப்பம் எதுவும் இல்லாமல் ஓட்டினால் 16 பிட் வேர்டுகளாகவே அச்சிடும். பீசியில் நல்ல டிஸ்க்கும் புரண்டதுபோல் தெரியும். பெரிய சி விருப்பத்தைச் சேர்த்தால் பைட் பைட்டாக வரும். இதைக் கவனிக்காமல் நல்ல நகலைப் புரட்டிக் கெடுப்பது சர்வசாதாரணம்.

நகல் உண்மையிலேயே புரண்டிருந்தால் டிடி கட்டளையின் ஸ்வாப் (conv=swab) விருப்பம் போதும். மூல நகலைத் தொடாமல் புதுக் கோப்பில் எழுதுங்கள். இரண்டு தரம் புரட்டினால் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

டிரைவருக்குள், கம்பி வரிசையைச் செக்டர் நகரும் வட்டத்தில் (லூப்) மட்டும் சரிசெய்யவும். அதற்கு மேலே யாரும் அதைத் தொடக்கூடாது. 68000இல் ஒவ்வொரு வேர்டையும் 8 இடம் சுழற்றினால் ஆயிற்று. அந்தச் சுழற்சிக்கு 22 கடிகாரச் சுற்று, 256 வேர்டுக்கு 5632. 8 மெகாஹெர்ட்ஸில் செக்டருக்கு 0.7 மில்லிசெகண்ட் கூடுகிறது. இது பொறுக்காது என்றால் பலகையில் கம்பிகளைக் குறுக்கே மாற்றலாம், செலவு பூச்சியம். ஆனால் ஸ்டேட்டஸ், கட்டளை போன்ற 8 பிட் பதிவேடுகளும் மேல்பாதிக்கு வந்துவிடும்: ஒற்றை முகவரியில் இருந்தவை இரட்டை முகவரிக்குப் போகும். டிரைவரில் முகவரிகளை மாற்ற மறந்தால் டிஸ்க் இல்லை என்றே சொல்லும்.

எண் வரிசையை வேறு இடத்தில், கோப்பு முறைமையின் ஒவ்வொரு புலத்திலும் திருத்த வேண்டும். ஃபேட்டில் செக்டர் அளவு 11ஆம் பைட்டில் தொடங்குகிறது. ஒற்றை முகவரியிலிருந்து வேர்டாக எடுத்தால் 68000 முகவரிப் பிழை என்று விழுந்துவிடும். 68020 முதல் விழாது. பைட் பைட்டாக எடுத்துச் சேர்ப்பதே எங்கும் ஓடும். பிடிபி-11 என்ற பழைய கணினி எழுதிய டிஸ்க்கில் 32 பிட் எண் இன்னும் கோணல்: ஹெக்ஸ் 12345678 அங்கே 34 12 78 56 என்று கிடக்கும்.

டிஸ்க் தன்னைப் பற்றிச் சொல்லும் ஐடென்டிஃபை கட்டளையின் விடையைத் தனியாகக் கவனிக்கவும். மாடல் பெயர் 27 முதல் 46 வரையான வேர்டுகளில் இருக்கிறது. முதல் எழுத்து மேல்பாதியில். அதனால் நேர் வயரிங் உள்ள 68000இல் மாடல் பெயர் அழகாக வரும், செக்டர்கள் புரண்டு வரும். பெயர் சரி, எல்லாம் சரி என்று நம்பவேண்டாம். டிஸ்க்கின் கொள்ளளவு 60, 61ஆம் வேர்டுகளில், கீழ் வேர்டு முன்னால். டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் 64 மெகாபைட் மெமரி அட்டையில் 131072 செக்டர் என்றால் 60இல் 0, 61இல் 2. பிக் எண்டியன் கணினியில் இரண்டையும் ஒன்றாக 32 பிட்டாக எடுத்தால் இரண்டே இரண்டு செக்டர் உள்ள டிஸ்க் கிடைக்கும்!

டிஸ்க்கை இணைக்கும் இன்னொரு முறையான ஸ்கஸியின் பழைய வகையில் 8 பிட் பாதை என்பதால் கம்பிச் சிக்கல் இல்லை. கட்டளையில் உள்ள பிளாக் எண் பிக் எண்டியன். இன்டெல் கணினிதான் புரட்ட வேண்டும்.

கடலோரக் காற்றில் கிடந்த இணைப்பிகளுக்கு ஒரு வார்த்தை. திருமலையில் உப்பு ஏறிய பின்கள் சாதாரணம். அந்தப் பழுதை வரிசைப் பிழை என்று மயங்கக்கூடாது. எழுத்துகள் இடம் மாறியிருந்தால் வரிசை, எழுத்தே வேறாகியிருந்தால் தொடர்பு. டி3 அறுந்தால் மதிப்பு 8 கூடியோ குறைந்தோ நிற்கும். 40 பின் இணைப்பியில் 3 முதல் 17 வரை ஒற்றைப் பின்கள் கீழ்ப்பாதி, 4 முதல் 18 வரை இரட்டைப் பின்கள் மேல்பாதி. பீசியில் பார்க்கும்போது (0இலிருந்து எண்ணி) ஒற்றை இடத்துப் பைட்டுகள் மட்டும் கெட்டிருந்தால் இரட்டைப் பின்களை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடையுங்கள்.

கடைசியில், எழுதும் பாதையைச் சோதிக்க வெற்று அட்டை ஒன்றில் 0 முதல் 255 வரை இரண்டு தரம் எழுதவும். அதே கணினியில் திரும்ப வாசித்துப் பார்ப்பது எதையும் காட்டாது: போகும்போது புரண்டது வரும்போதும் புரண்டு நேராகிவிடும். அட்டையைக் கழற்றிப் பீசியில் திறக்கவும். 0, 1, 2, 3 என்று வந்தால் சரி. 1, 0, 3, 2 என்று வந்தால் நகரும் வட்டத்துக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.